தேய்வுப் பருவச் சோர்வுநோய்: ஒரு நோய்ப்பெயரின் வரலாறு

1. முன்னுரை

நோய்களின் வரலாறு மருத்துவ நூலார்க்கே உரியது எனக் கருதுதல் வழக்கம். ஆயின், நோய்க்குப் பெயரிடுதல் சொல்லும் பொருளும் பற்றிய செயலாதலின், அவ்வரலாறு மொழியாராய்ச்சியாளரும் நோக்குதற்குரியதேயாம். ஒரு பெயர் வேறுபட்ட இரு பொருள்களை ஒன்றெனக் காட்டுதலும் உண்டு. ஒரே பொருளை இரண்டாகப் பிரித்துவிடுதலும் உண்டு. பெயரிடப்பட்டது நோயாயின், அப்பிழையின் பயனை நுகர்வோர் நோயாளரே ஆவர்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எண்பதாண்டுக்கு மேல் வழங்கி, 1980-இல் மருத்துவப் பட்டியலினின்று நீக்கப்பெற்ற ஒரு நோய்ப்பெயரை இக்கட்டுரை ஆராய்கின்றது. அதனைத் தமிழில் 'தேய்வுப் பருவச் சோர்வுநோய்' எனலாம். நடுவயது கடந்து முதுமையை நோக்கும் பருவத்தில் முதன்முறையாகத் தோன்றும் கடும் மனச்சோர்வை அப்பெயர் குறித்தது. ஆடவர்க்கும் அது வழங்கியதாயினும், மாதவிடாய் ஓயும் பருவத்துப் பெண்டிரைக் குறித்தே பெரிதும் ஆளப்பட்டது.

இருமுனை மனநோய் என இன்று வழங்குவது வேறொன்று. கிளர்ச்சியும் சோர்வும் மாறிமாறி வருதலும், இடையிடையே நலமுற்றிருத்தலும் அதன் இயல்பு. இந்நோயுடைய பெண் மாதவிடாய் ஓயும் பருவத்தை எய்துங்கால் அவளுக்கு நேர்வன யாவை, அவளைப் பேணுதல் எங்ஙனம் என்னும் வினாக்களுக்கு மருத்துவ உலகம் நெடுங்காலம் விடை தேடவே இல்லை. முதற்கண் ஒரு பெயரின் எழுச்சியும், பின்னர் அதே பெயரின் வீழ்ச்சியும் அப்பெண்ணைக் கருத்தினின்று மறைத்தன என்பதும், அவள் வாழ்க்கை முழுவதையும் தொடர்ந்து நோக்கிய ஆய்வே அம்மறைப்பை நீக்க வல்லதாயிற்று என்பதும் ஈண்டு நிறுவப்படும்.

2. போக்கால் பெயரிடலும் பருவத்தால் பெயரிடலும்

கிரேக்க மருத்துவர் சோர்வுநோயை 'மெலன்கோலியா' என்றனர். கரிய பித்தம் என்பது அச்சொல்லின் பொருள். நம் மொழியிலும் 'பித்து', 'பித்தன்' என்னும் சொற்கள் பித்தத்தோடு இயைபுடையன என்பது அறியத்தக்கது. கப்படோசியா நாட்டு அரெத்தேயசு என்னும் பண்டை மருத்துவர், சோர்வும் கிளர்ச்சியும் ஒருவரிடத்தே அடுத்தடுத்துத் தோன்றுதலைக் குறித்துள்ளார். ஆயினும் பல நூற்றாண்டுகள் அவ்விரண்டும் தனித்தனி நோய்களாகவே எண்ணப்பட்டன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மனநோய்களுக்குப் பெயரிடும் முறைகள் பலவற்றுள் இரண்டு நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதன. ஒன்று, நோயின் போக்கை நோக்கிப் பெயரிடுதல். மற்றொன்று, நோய் தோன்றும் பருவத்தை நோக்கிப் பெயரிடுதல்.

முதன்முறைக்குச் சான்றாவது பாரிசு நகரத்துச் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் நிகழ்ந்தது. அங்குப் பணிபுரிந்த ஃபால்ரே, பாயார்ழே என்னும் இருவர், 1854-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சோர்வும் கிளர்ச்சியும் ஒரே நோயின் இரு நிலைகள் எனத் தனித்தனியே அறிவித்தனர். ஃபால்ரே அதனைச் 'சுழல்பித்து' என்னும் பொருள்படவும், பாயார்ழே 'இருவடிவப் பித்து' என்னும் பொருள்படவும் அழைத்தனர். முதலில் கண்டவர் யாவர் என்பது பற்றி அவ்விருவர்க்கும் இடையே பூசலும் எழுந்தது. சால்பெத்ரியேர் பெண்டிர்க்குரிய மருத்துவமனை என்பதை நாம் மறத்தலாகாது. பெண் நோயாளரை ஆண்டுக்கணக்கில் அருகிருந்து நோக்கிய சூழலிலேயே அக்கொள்கை உருவாயிற்று.

இரண்டாம் முறையும் அதே நூற்றாண்டில் வளர்ந்தது. மாதவிடாய் ஓய்வைக் குறிக்கும் 'மெனோபாசு' என்னும் சொல்லைப் பிரெஞ்சு மருத்துவர் கார்டான் 1821-இல் வழக்கிற்குக் கொணர்ந்தார். இலண்டன் மருத்துவர் எட்வர்டு டில்ட், அப்பருவத்து நலமும் நோயும் பற்றிய விரிவான நூலொன்றை 1857-இல் வெளியிட்டார். எடின்பரோ மனநோய் மருத்துவமனையின் தலைவராக விளங்கிய டேவிட் இசுகே, 1863-இல் மனநோய்களை அவற்றின் உடற்காரணம் பற்றி வகுத்தபோது, பருவமாற்றத்தால் வரும் பித்து என ஒரு வகையையும் சேர்த்தார். அவர்க்குப் பின்வந்த தாமசு கிளௌசுடன், 1883-இல் வெளியிட்ட தம் விரிவுரை நூலில் அவ்வகையை மேலும் விளக்கினார்.

போக்கால் பெயரிடுவோர், 'இவளுக்கு முன்னர் என்ன நேர்ந்தது? பின்னர் என்ன நேரும்?' என வினவுவர். பருவத்தால் பெயரிடுவோர், 'இவளுக்கு இப்பொழுது அகவை யாது?' என்று வினவுவர். பின்வந்த வரலாறு முழுவதும் இவ்விரு வினாக்களின் போராட்டமே எனலாம்.

3. கிரெபெலினின் இருமனம்

செருமானிய மருத்துவர் எமில் கிரெபெலின் ஐடெல்பெர்க்குப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தே, ஒவ்வொரு நோயாளரைப் பற்றியும் சிறு அட்டைகளில் குறிப்பெழுதிச் சேர்த்துவந்தார். நோய் தோன்றிய விதம், அதன் போக்கு, முடிவு ஆகியன அவற்றில் இடம்பெற்றன. அவ்வட்டைகளின் துணைகொண்டு, தம் பாடநூலின் ஆறாம் பதிப்பில், 1899-இல், சுழல்பித்தையும் தனிக்கிளர்ச்சியையும் தனிச்சோர்வின் பெரும்பகுதியையும் ஒரே நோயாக இணைத்தார். 'கிளர்ச்சி-சோர்வுப் பித்து' என்பது அதற்கு அவர் இட்ட பெயர். போக்கால் பெயரிடுதலின் பெருவெற்றி என இதனைக் கூறலாம்.

ஆயினும் அதே பதிப்பில் அவர் ஒரு விலக்கும் வைத்தார். நடுவயதுக்குப் பின் முதன்முறையாக வரும் சோர்வுநோயை இப்பெருநோயினுள் அடக்காது, தேய்வுப் பருவத்துக்குரிய தனிநோயாகவே நிறுத்தினார். 1896-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பிலேயே அவர் வகுத்த பிரிவு அது. 'தேய்வு' என நாம் பெயர்க்கும் செருமானியச் சொல், வளர்ந்த உறுப்புக்கள் மீண்டும் சுருங்குதலைக் குறிப்பது. நோயைப் போக்கால் அளந்த பேராசிரியர், இந்நோயைப் பருவத்தால் அளந்தமை வியப்பிற்குரியது.

4. 1907: வாழ்க்கை வரலாறு அளித்த விடை

இம்முரண்பாட்டை ஆராய முற்பட்டவர் சார்சு டிரைபசு என்னும் இளம் மருத்துவர். ஐடெல்பெர்க்கில் கிரெபெலின் தேய்வுப் பருவச் சோர்வு எனத் தீர்மானித்த நோயாளரின் பிற்கால நிலையை அவர் தேடிச் சென்று அறிந்தார். அவர்தம் இளமைக்கால வரலாற்றையும் துருவி வினவினார். தம் முடிவுகளை 1907-இல் நூலாக வெளியிட்டார்.

அந்நூல் காட்டிய உண்மைகள் இரண்டு. முதலாவது, அந்நோயாளருள் பெரும்பாலோர் காலம் நீட்டிப்பினும் நலமடைந்தனர். தேய்வு என்னும் பெயர் குறிப்பாலுணர்த்திய மீளா அழிவு அவர்களிடம் காணப்படவில்லை. இரண்டாவது, முதல் நோய் எனக் கருதப்பட்டது பலர்க்கு முதல் நோயன்று. மருத்துவமனையை நாடாத சிறு சோர்வுகளும், நோயென எவரும் எண்ணாத சிறு கிளர்ச்சிகளும் அவர்தம் வாழ்வில் முன்னரே நிகழ்ந்திருந்தன. ஆகவே தேய்வுப் பருவச் சோர்வு தனிநோயன்று. கிளர்ச்சி-சோர்வுப் பித்தின் ஒரு தோற்றமே என்பது டிரைபசின் முடிபு.

கிரெபெலின் இதனை ஏற்றார். 1913-இல் வெளிவந்த எட்டாம் பதிப்பின் மூன்றாம் பகுதியில், முன்னர்த் தாம் விலக்கிவைத்ததைப் பெருநோயினுள் சேர்த்துக்கொண்டார். ஆசிரியர் ஒருவர் தாம் வகுத்த பிரிவைத் தாமே கைவிட்ட இச்செயல் அறிவியல் வரலாற்றில் போற்றத்தக்கது. எனினும், டிரைபசு கையாண்ட முறை அவர் கண்ட முடிபினும் சிறந்தது என்பதே நாம் ஈண்டு வற்புறுத்துவது. அகவையை மட்டும் நோக்கியவர்க்குத் தோன்றாத நோய், வாழ்க்கையை முழுதும் நோக்கியவர்க்குப் புலனாயிற்று.

5. பெயர் அழியாது நின்றமை

ஆக்கியோனே கைவிட்ட பெயர் வழக்கினின்று மறைந்ததோ எனின், இல்லை. மருத்துவமனைகளின் பதிவேடுகளிலும் பாடநூல்களிலும் அது தொடர்ந்து வாழ்ந்தது. அதற்கு வலிவூட்டிய காரணங்களுள் ஒன்று ஹார்மோன்களின் கண்டுபிடிப்பாகும். 1929-இல் அமெரிக்காவில் டாய்சியும் செருமனியில் பூட்டனண்டும் சூலக ஹார்மோன்களுள் ஒன்றைத் தூய பளிங்குருவில் பிரித்தெடுத்தனர். குறைந்த ஹார்மோனை ஊசிவழியே ஈடுசெய்தால் தேய்வுப் பருவச் சோர்வு தீரும் என்னும் நம்பிக்கை 1930-களில் பரவிற்று. சிலர் நற்பயன் கண்டதாக எழுதினர்; வேறு சிலர் பயன் காணவில்லை. 1938-இல் உரோம் நகரில் செர்லெத்தியும் பினியும் மின்னதிர்ச்சி மருத்துவத்தைத் தொடங்கினர். கடுஞ்சோர்வுற்ற நடுவயதினர் அதனால் விரைந்து தேறியமையின், ஹார்மோன் பற்றிய ஆர்வம் மனநோய் மருத்துவரிடையே தணிந்தது.

1952-இல் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் தன் முதல் நோய்ப்பட்டியலை வெளியிட்டது. தேய்வுப் பருவ நோய் அதில் தனி இடம் பெற்றது. அதன் இலக்கணத்தில், முன்னர்க் கிளர்ச்சி-சோர்வு நோய் இல்லாதவர்க்கே இப்பெயர் உரியது என்னும் வரையறை காணப்பட்டது. இவ்வரையறையின் விளைவைச் சிந்தித்தல் வேண்டும். மாதவிடாய் ஓயும் பருவத்தில் மனநோய் பற்றி எழுந்த ஆராய்ச்சியெல்லாம் முன் நோயற்ற பெண்டிரையே பொருளாகக் கொண்டது. இருபது அகவை முதல் இருமுனை நோயோடு வாழ்ந்து நாற்பத்தைந்தை எய்திய பெண், இலக்கணத்தாலேயே அவ்வாராய்ச்சிக்குப் புறம்பானாள். அவளைப் பற்றிய வினாவை எழுப்புதற்குரிய இடமே பட்டியலில் இல்லாது போயிற்று.

இருமுனை நோயைப் பற்றிய அறிவு மறுபுறம் வளர்ந்துகொண்டிருந்தது. ஆசுதிரேலிய மருத்துவர் சான் கேட், லித்தியம் உப்பு கிளர்ச்சியைத் தணித்தலை 1949-இல் அறிவித்தார். டென்மார்க்கு நாட்டு மோகன்சு இசுகோவும் உடன்பணியாளரும் 1954-இல் அதனை முறையான சோதனையால் உறுதிசெய்தனர். கார்ல் இலியோன்ஹார்டு 1957-இல் ஒருமுனை, இருமுனை என்னும் பாகுபாட்டை வகுத்தார்; அங்குசுட்டும் பெரிசும் 1966-இல் தனித்தனியே அதனை நிலைநாட்டினர். ஒரு துறை பருவத்தை ஆராய்ந்தது. மற்றொரு துறை போக்கை ஆராய்ந்தது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் நின்ற பெண்ணை இரு துறையும் நோக்கவில்லை.

6. பெயரின் வீழ்ச்சியும் அதன் விளைவும்

அமெரிக்க ஆராய்ச்சியாளர் மிர்னா வைசுமன், தேய்வுப் பருவச் சோர்வு வெறுங்கட்டுக்கதை என்னும் கருத்துடைய கட்டுரையை 1979-இல் வெளியிட்டார். மாதவிடாய் ஓய்வை ஒட்டிய அகவையினர்க்குச் சோர்வுநோய் தனிப்பட்ட குறிகளோடு வருவதில்லை என்பதை அவர் சான்றுகளால் காட்டினார். மறு ஆண்டே, அமெரிக்கச் சங்கம் வெளியிட்ட மூன்றாம் பட்டியல் அப்பெயரை நீக்கிற்று. 'இருமுனை நோய்' என்னும் பெயர் அதிகாரப் பட்டியலில் இடம்பெற்றதும் அதே 1980-ஆம் ஆண்டு நூலிலேதான்.

பெண்டிரின் துயரையெல்லாம் கருப்பையின் மேல் ஏற்றிக் கூறும் பழக்கத்துக்கு இந்நீக்கம் தடையாயிற்று. அவ்வகையில் அது நன்றே. ஆயின், தனிநோய் இல்லை என்பதினின்று, பருவமாற்றம் மனநோயின் போக்கைத் தாக்குவதே இல்லை என்னும் முடிபு பெறப்படாது. நோய்க்கு ஒரு பருவம் காரணமாதல் வேறு. முன்னரே உள்ள நோய் ஒரு பருவத்தில் மிகுதல் வேறு. முன்னது மறுக்கப்பட்டபோது பின்னதும் உடன் மறக்கப்பட்டது.

இதனை மீட்டவையும் தொடர்நோக்கு ஆய்வுகளேயாம். பருவமாற்றத்தின் படிநிலைகளை ஒரே அளவுகோலால் வகுக்கும் முறை 2001-இல் ஓர் ஆய்வரங்கில் உருவாகி, 2011-இல் திருத்தப்பெற்றது. பெண்டிரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த இரு அமெரிக்க ஆய்வுகள் 2006-இல் வெளிவந்தன. முன்னர்ச் சோர்வுநோய் இல்லாதவர்க்கும் மாறுகாலத்தில் அது தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காதலை அவை காட்டின. இருமுனை நோயுடையாரைப் பற்றிய பெரியதோர் அமெரிக்க ஆய்வுத் திட்டத்தின் குறிப்புக்களினின்று 2008-இல் வெளியான கட்டுரை, அவருள் மாறுகாலத்தை எய்திய பெண்டிர்க்குச் சோர்வு மிகுதியாக வருதலை எடுத்துரைத்தது. ஆராயப்பட்டோர் தொகை சிறிதே. எனினும், பட்டியலுக்குப் புறம்பாய் நின்ற பெண் ஆய்வின் பொருளானாள்.

7. இன்றைய பேணுகையில் இவ்வரலாற்றின் பயன்

பன்னிரண்டு திங்கள் தொடர்ந்து மாதவிடாய் இல்லாதிருத்தலை ஓய்வின் அடையாளமாக மருத்துவர் கொள்வர். அதற்கு முன் சில ஆண்டுகள் மாறுகாலம் நீடிக்கும். மேலைநாட்டில் ஓய்வின் சராசரி அகவை ஏறத்தாழ 51. இந்தியாவில் 46 அல்லது 47. மாறுகாலத்தில் ஈஸ்ட்ரோஜன் படிப்படியாகக் குறைவதோடு அமையாது, ஒழுங்கின்றி ஏறியும் இறங்கியும் வருகின்றது. உடலில் திடீர் வெப்பமும் இரவு வியர்வையும் தோன்றி உறக்கத்தைக் கெடுக்கின்றன. உறக்கக் குறைவு இருமுனை நோயுடையாரைக் கிளர்ச்சிக்குள் தள்ள வல்லது என்பது நன்கறியப்பட்டது.

இங்கே பழைய பிழை புதிய வடிவில் தலைகாட்டுகின்றது. உறக்கமின்மை, எரிச்சல், மறதி, சோர்வு ஆகியன கண்டவிடத்து, 'இஃது அகவையின் இயல்பு' எனக் குடும்பத்தாரும் சிலபோது மருத்துவரும் அமைந்துவிடுகின்றனர். அவை நோய் திரும்புதலின் முன்னறிகுறியாகவும் இருக்கலாம்; லித்தியம் உண்பார்க்கு நேரக்கூடிய தைராய்டுக் குறைவாகவும் இருக்கலாம். அதனை அறிதற்கு இரத்தச் சோதனை வேண்டும். உடல் வெப்பத்தைத் தணிக்கச் சோர்வுநீக்கி மருந்துகள் சில கொடுக்கப்படுதல் உண்டு. பெண்ணின் முன்வரலாற்றை வினவாது அவற்றைக் கொடுத்தால், அவளிடம் அடங்கியிருந்த கிளர்ச்சி எழுதலும் கூடும்.

மருந்துகள் தம்முள் பொருதுதலும் கருதத்தக்கது. அகவை ஏற ஏறச் சிறுநீரகத்தின் ஆற்றல் குறையுமாதலின், முன்னர் ஏற்ற லித்தியம் அளவு பின்னர் மிகையாகலாம். இரத்தக் கொதிப்புக்குத் தரப்படும் சிறுநீர்ப்பெருக்கிகளுள் தயசைடு வகையும், மூட்டுவலிக்கு உண்ணும் வலிநீக்கிகள் பலவும் இரத்தத்தில் லித்தியத்தை உயர்த்துவன. கருத்தடை மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜன் லாமோட்ரிசின் என்னும் மருந்தின் அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்க வல்லது. அம்மாத்திரையை நிறுத்துங்கால் அளவு மீண்டும் உயரும். கார்பமசெபின் மருந்தோ ஹார்மோன்களை விரைந்து சிதைக்கும். மாதவிடாய் ஒழுங்கற்றுப்போன காலத்தும் கருவுறுதல் இயலுமாதலின், கருவுக்குத் தீங்கு செய்யும் வால்புரோயேட்டு போன்ற மருந்துகளைப் பற்றிய எச்சரிக்கை அப்பொழுதும் பொருந்தும்.

ஹார்மோன் மருத்துவம் பற்றியும் வரலாறு நிதானம் கற்பிக்கின்றது. 1930-களின் மிகை நம்பிக்கையும், மார்பகப் புற்றுநோய் முதலிய இடர்கள் கருதி ஓர் அமெரிக்கப் பெருஞ்சோதனை 2002-இல் இடையே நிறுத்தப்பட்டபின் எழுந்த மிகை அச்சமும் இரு கோடிகள். வெப்பத்தையும் வியர்வையையும் தணித்து உறக்கம் தருதலின் அது சிலர்க்கு உதவும். இருமுனை நோய்க்குரிய மருந்துக்கு அது மாற்றன்று. மனநோய் மருத்துவரும் மகளிர் மருத்துவரும் ஒருவர் எழுதிய மருந்தை மற்றவர் அறிந்து நடத்தல் வேண்டும். மருத்துவரைக் கலவாது லித்தியத்தைத் திடீரென நிறுத்துதல் நோயை மீண்டும் அழைப்பதாகும்.

இவையனைத்துக்கும் அடிப்படையாவது ஒரு குறிப்பேடு. உறங்கிய நேரம், மனநிலை, மாதவிடாய் நாள், உண்ட மருந்து ஆகியவற்றை நாள்தோறும் குறித்துவரின், சில திங்களில் அப்பெண்ணுக்கே உரிய ஒழுங்கு புலப்படும். மகப்பேற்றை அடுத்து நோய் மிகுந்ததா, மாதவிடாய்க்கு முன்னாட்களில் மனநிலை தாழ்ந்ததா என்னும் பழைய செய்திகளும் அதில் இடம்பெறுதல் வேண்டும். கிரெபெலினின் அட்டைகளும் டிரைபசின் தேடலும் செய்த பணியை, இன்று அப்பெண்ணே தன் கையால் செய்துகொள்ள இயலும்.

8. முடிவுரை: தமிழில் பெயரிடுவார்க்கு

மருத்துவக் கலைச்சொல்லாக்கம் தமிழ்த் துறையினரின் பணிகளுள் ஒன்றாதலின், இவ்வரலாறு நமக்கும் சில கூறுகின்றது. பாட்டியல் மரபு பெண்ணின் பருவங்களைப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழாக வகுத்தது. பேரிளம்பெண்ணுக்கு உரைக்கப்படும் மேல் எல்லை நாற்பது ஆண்டு. உலா இலக்கியத்தின் நோக்கத்துக்கு அஃது அமையும். ஆயின், நாற்பதுக்கு மேற்பட்ட பருவத்துக்கு அம்மரபில் பெயரில்லை; பெயரில்லாத பருவத்தின் துயரும் பேசப்படாது போதல் எளிது.

இக்காலத்தில் 'மாதவிடாய் நிறுத்தம்' என்னும் தொடர் பரவி வழங்குகின்றது. நிறுத்து என்பது பிறவினை. நிறுத்தம் என்பது ஒருவர் நிறுத்துதலையே குறிப்பாலுணர்த்தும். தானே ஓய்வதைக் குறித்தற்கு 'நிற்றல்', 'ஓய்வு' என்னும் தன்வினைச் சொற்களே பொருந்துவன. ஓய்வுக்கு முந்திய ஆண்டுகளைக் குறிக்க 'மாறுகாலம்' போன்ற எளிய சொல் ஒன்று நிலைபெறுமாயின், அவ்வாண்டுகளில் தனக்கு நேர்வதைப் பெண் மருத்துவரிடம் எடுத்துரைத்தல் எளிதாகும். 'தேய்வு' என்னும் சொல்லையோ பழைய வரலாற்றைக் கூறும்போதன்றி ஆளாதிருத்தல் நன்று. அது நலமடைதல் இல்லை என்னும் பொய்யைத் தன்னுள் கொண்டுள்ளது.

ஐரோப்பிய மருத்துவர் ஒரு பெண்ணின் அகவையை அவள் நோயின் பெயராக்கினர்; அதனை நீக்க எண்பதாண்டுக்கு மேலாயிற்று. நீக்கியபின், அவள் அகவை அவள் நோய்க்குச் செய்வதை மீண்டும் அறிய மேலும் இருபதாண்டுக்கு மேலாயிற்று. நாம் ஆக்கும் சொற்கள் பருவத்தையும் நோயையும் வேறுபடுத்திக் காட்டவும், இரண்டும் ஒருவரிடத்தே கூடுங்கால் அக்கூட்டத்தைச் சொல்லவும் இடந்தருதல் வேண்டும் என்பதே இவ்வாராய்ச்சியால் பெறப்படும் முடிபாகும்.